சொத்தைக் காணாத சொத்துச் சட்டம்

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் போன வருஷம் எனக்கு நான்கு புஸ்தகங்களைப் பார்சலில் அனுப்பி வைத்தார். நான்கும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. சொத்து மாற்றுச் சட்டம். கூடவே ஒரு கடிதமும் வந்தது. மாணவர்களுக்கு இவற்றில் எதைச் சிபாரிசு செய்வது என்று முடிவு பண்ண அவர்கள் கல்லூரியில் ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்களாம். கமிட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் இருபது வருஷமாக இந்தப் பாடத்தையே நடத்துகிறவர்கள். எந்தப் புஸ்தகமானாலும் அவர்களுக்குப் புரிந்துவிடும். ஆகவே புரியாத ஆள் ஒருவனிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நண்பருக்குத் தோன்றியிருக்கிறது. புரியாத ஆள் என்றதும் அவருக்கு என் ஞாபகம் வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கல்லூரியில் இரண்டே வருஷம் உட்கார்ந்துவிட்டு, மேலே படிக்க வசதியும் இல்லாமல் பொறுமையும் இல்லாமல் கதை எழுத வந்தவன் நான்.

பார்சலில் அச்சடித்த படிவம் ஒன்றும் இருந்தது. தாள் எப்படி, அச்சு எப்படி, விலை எவ்வளவு, பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகள் எல்லாம் அடங்கியிருக்கின்றனவா, எத்தனை தீர்ப்புகள் எடுத்துக் காட்டப்பட்டிருக்கின்றன, அவற்றில் சமீபத்தியவை எத்தனை, பழைய தேர்வுக் கேள்விகள் பின்னால் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். புடவைக் கடையில் புடவையைப் பார்ப்பவர்கள்கூட ஒரு தடவை அதை உடம்பில் வைத்துப் பார்க்கிறார்கள். இதைப் படிக்கிற பிள்ளைக்கு நிலம் என்றால் என்னவென்று தெரிய வருமா என்று அந்தப் படிவத்தில் ஓர் இடத்திலும் கேட்டிருக்கவில்லை.

சாதாரண சமயமாக இருந்தால் "எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று எழுதிப் புஸ்தகங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்ப முடியாதபடிக்கு என் அத்தையின் கிணறு குறுக்கே நின்றது.

அத்தைக்குத் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கிராமம். மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பணத்தில் 2016-இல் ஓர் ஏக்கர் இருபது சென்ட் புஞ்சை வாங்கினார்கள். அந்தப் பக்கத்தில் நிலம் வாங்குவது என்றால் தண்ணீர் வாங்குவது என்று அர்த்தம். மண்ணுக்கு அங்கே தனியாக விலை கிடையாது. நிலத்துக்கு வடக்கே ஒரு பொதுக் கிணறு; மூன்று குடும்பத்துக்குப் பாத்தியம். விற்றவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. விலை பேசும்போது கிணற்றைச் சேர்த்துத்தான் பேசினார்கள். பணமும் கிணற்றைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். பத்திரம் எழுத வேண்டிய சமயத்தில் அத்தை என்னைக் கேட்டாள். ஊரில் பழைய பத்திர எழுத்தர் ஒருவர் இருந்தார். வெற்றிலையும் மூக்குக் கண்ணாடியுமாக இருக்கிற அந்த மனிதரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. படித்த மனுஷனாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த ஓர் இளம் வக்கீலிடம் அனுப்பி வைத்தேன். நல்ல பையன். முதல் வகுப்பில் தேறியவன். கூலிகூடக் குறைத்துத்தான் வாங்கினான்.

பையன் வில்லங்கச் சான்று பார்த்தான். கணினியில் பட்டாவையும் எடுத்துப் பார்த்தான். பட்டாவில் என்ன இருந்ததோ அதையே சொத்து விவரத்தில் எழுதினான். கிணறு இருப்பது அடுத்த உட்பிரிவில். 1980-களில் நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் அந்த உட்பிரிவு பங்காளிகளில் ஒருவர் பேரில் மட்டும் ஏறிவிட்டது. ஆனால் தாய்ப் பத்திரத்தில், அதாவது 1958-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தில், கடைசிப் பக்கத்தில், நான்கெல்லை சொல்லி முடிந்த பிறகு, கிணற்றிலும் கமலைக் குழியிலும் மாமூல் வண்டிப் பாதையிலும் மூன்றில் ஒரு பங்கு பொதுப் பாத்தியம் என்று ஒன்றரை வரி இருக்கிறது. தாய்ப் பத்திரம் பையனின் மேஜையிலேயே இருந்தது. அதைப் புரட்டியும் பார்த்திருக்கிறான். அந்த ஒன்றரை வரி அவன் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் அது ஒரு சொத்து என்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

மூன்று வருஷம் நல்ல மழை. யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்காம் வருஷம் கிணறு இறங்கியது. இறங்கினதும் பங்காளி, "உங்க பத்திரத்தில கிணறு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். விற்றவரிடம் போய்ப் பிழைதிருத்தல் பத்திரம் எழுதிக் கொடுங்கள் என்றால், அதற்கு அவர் தனியாக ஒரு விலை சொன்னார். கடைசியில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த பிழையைத் திருத்தச் சொல்லிக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாய்தாவுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

"ஏப்பா, மண்ணை எழுதினாரு, மரத்தை எழுதினாரு, தண்ணிய மட்டும் எழுதாம விட்டுட்டாரே உங்க வக்கீலு" என்று அத்தை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். 'உங்க வக்கீலு' என்றது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பையனைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "சார், தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஐந்து வருஷம் படித்தேன். மாதிரிப் பத்திரம் எழுதச் சொல்லி மார்க் போட்டார்கள். ஒரு பழைய பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, இதைப் படி, இதில் யாருக்கு என்ன இருக்கிறது சொல் என்று ஒரு நாள்கூட ஒருத்தரும் கேட்டதில்லை. டல்க், மாக்ஸ்ஹே வழக்கைக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்."

அப்போது அந்தப் பெயர் எனக்குப் புரியவில்லை. நண்பரின் பார்சல் வந்த பிறகு புரிந்தது. நான்கு புஸ்தகத்திலும் அது இருக்கிறது. 1808-இல் லண்டனில் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தை டல்க் என்பவர் விற்றார். இதைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும், கட்டடம் கட்டக் கூடாது என்று நிபந்தனை. கை மாறி மாறி மாக்ஸ்ஹேயிடம் வந்தது. நிபந்தனை தெரிந்தே வாங்கிய அவர், நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் இல்லையே என்று கட்டடம் கட்டப் பார்த்தார். தெரிந்து வாங்கியவனையும் அது கட்டுப்படுத்தும் என்று 1848-இல் தீர்ப்பாயிற்று. அருமையான வழக்கு, நியாயமான தீர்ப்பு. அதைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். லண்டன் தோட்டத்தின் கதியை அறிந்த பையனுக்குத் திண்டுக்கல் கிணற்றின் கதி தெரியாமல் போனது எப்படி என்பதுதான் என் கேள்வி. இந்த நான்கு புஸ்தகங்களையும் நான் படித்தது அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான்.

முழுசாகப் படித்தேன். கமிட்டியில் இருப்பவர்கள் முழுசாகப் படித்தார்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

முதலில் கண்ணில் பட்ட விஷயம், இந்தப் புஸ்தகங்களில் மனுஷர்களே கிடையாது. 'அ' என்பவர் 'ஆ' என்பவருக்கு விற்கிறார். 'ஆ' என்பவர் 'இ'க்கு அடமானம் வைக்கிறார். 'அ'வுக்கு எதற்காகப் பணம் தேவைப்பட்டது? 'ஆ'வின் மனைவி என்ன சொன்னாள்? அதெல்லாம் சட்டத்துக்கு வேண்டாத விஷயம் என்பார்கள். ஆனால் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரர்கள் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. 1882-ஆம் வருஷத்து நாலாவது சட்டம் இது. மெக்காலே இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு நகல் எழுதியபோது பிரிவுகளுக்குக் கீழே சின்னச் சின்ன உதாரணங்களைச் சேர்த்தார் அல்லவா, அந்தப் பழக்கத்தை இதை எழுதியவர்களும் கைக்கொண்டார்கள். பெயர்கள் என்னவோ எழுத்துக்கள்தாம். ஆனால் உதாரணங்களைப் பாருங்கள். ஒருவன் இன்னொருவனுக்குப் பண்ணையைக் குத்தகைக்கு விடுகிறான். நிபந்தனை என்னவென்றால் குத்தகைக்காரன் ஒரு மணி நேரத்தில் நூறு மைல் நடக்க வேண்டும். இன்னொருவன் தன் மகளைக் கல்யாணம் செய்துகொண்டால் ஐந்நூறு ரூபாய் தருவதாக எழுதிக் கொடுக்கிறான். எழுதுகிற அன்றைக்கு அந்த மகள் உயிரோடு இல்லை. மூன்றாவது ஆசாமி, மூன்று பேருடைய சம்மதத்தோடு கல்யாணம் செய்தால் ஐயாயிரம் என்கிறான். மூன்று பேரில் ஒருவர் செத்துப் போகிறார். இரண்டு பேர் சம்மதம் போதுமா? போதும் என்கிறது 26-ஆவது பிரிவு. செத்துப் போன மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிற அந்தத் தகப்பனை நான் மறக்கவில்லை. 25-ஆவது பிரிவும் அதனால் எனக்கு மறக்காது. நம் நான்கு ஆசிரியர்களில் இரண்டு பேர் இந்த உதாரணங்களையே எடுத்துவிட்டார்கள். ஒருவர் எல்லாவற்றையும் ஒரே பாராவில் சாணி உருண்டை மாதிரி உருட்டி வைத்திருக்கிறார். அவற்றுக்கு மதிப்புக் கொடுத்து அச்சிட்டிருப்பவர் ஒருவர்தான்.

உதாரணங்களாவது கற்பனை. உண்மை வழக்குகளைச் செய்திருக்கிற காரியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நிற்கிற மரம் அசையாச் சொத்தா, அசையும் சொத்தா என்பதற்கு நான்கு பேரும் சாந்தாபாய் வழக்கைச் சொல்கிறார்கள். 1958-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. வேரோடு நின்று உறிஞ்சி வளர வேண்டிய மரம் அசையாச் சொத்து. சீக்கிரமே வெட்டப்பட வேண்டியதாகத் தயாராக நிற்கிற மரம் அசையும் சொத்து. இந்த இரண்டு வரியோடு சரி. நீதிபதி விவியன் போஸ் இதை விளக்கியிருக்கிற அழகைக்கூட விட்டுத் தள்ளுங்கள். சாந்தாபாய் யார் என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா? அவள் ஒரு ஜமீன்தாரின் மனைவி. 1948 ஏப்ரலில் புருஷன் அவளுக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். 26,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, தம் ஜமீன் காட்டு மரங்களைப் பன்னிரண்டரை வருஷத்துக்கு அவள் வெட்டிக்கொள்ளலாம் என்று. பத்திரம் ரிஜிஸ்தர் ஆகவில்லை. ஜமீன் ஒழிப்புப் பேச்சு நாடு பூராவும் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. நம் சென்னை ராஜ்யத்தில் அதே 1948-இல் சட்டமே வந்தது. அவர்கள் பக்கத்தில் 1951 மார்ச் 31-ஆம் தேதியோடு ஜமீன் சர்க்காருக்குப் போயிற்று. அதற்கு அப்புறம் சாந்தாபாய் வந்து காடு என்னுடையது என்கிறாள்.

இதைச் சொல்லிவிட்டு மாணவனைப் பார்த்து, "இந்தப் பத்திரம் ஏன் எழுதப்பட்டது? ஏன் ரிஜிஸ்தர் ஆகவில்லை? பணம் கை மாறியதா என்று எதை வைத்துப் பார்ப்பாய்?" என்று கேட்டால் அவன் நிமிர்ந்து உட்காருவான். வக்கீலாகப் போகிறவன் ஆயுள் பூராவும் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதும் பத்திரம் எதுவானாலும் அதன் பின்னால் வேறு யாரோ ஒருவர் நிற்கிறார். கடன்காரரோ சர்க்காரோ இன்னொரு மனைவியோ. நாவல் எழுதுகிறவனுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி பாடப் புஸ்தகம் எழுதுகிறவருக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொத்தைக் கொடுக்கும்போது 'இதை விற்கவே கூடாது' என்று நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனை செல்லாது என்கிறது 10-ஆவது பிரிவு. இதற்கு நான்கு புஸ்தகமும் காட்டுகிற வழக்கு ராஷர் என்கிற இங்கிலீஷ்காரர் குடும்பத்துடையது; 1884. தகப்பனார் எஸ்டேட்டை மகனுக்கு உயில் எழுதி, தாயார் உயிரோடிருக்கும்போது விற்பதானால் 15,000 பவுன் பெறுமானமுள்ளதை அவளுக்கு 3,000 பவுனுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்றார். செல்லாது என்று கோர்ட் சொல்லிற்று. சரி. அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1892-இல், இதே சென்னை ராஜதானியில் சர்க்கார் ஒரு காரியம் செய்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைத்தார்கள். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் தங்கள் மக்களுக்கு மட்டுமே விற்கலாம். பஞ்சமி நிலம் என்று இன்றைக்குப் பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பெயர். விற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் மண்ணில் ஏது? சர்க்கார் போடுகிற நிபந்தனைக்கு 10-ஆவது பிரிவு குறுக்கே வரக் கூடாது என்பதற்காக 1895-இல் தனிச் சட்டமே போட்டார்கள். இத்தனை நிபந்தனைக்குப் பிறகும் அந்த நிலங்களில் எவ்வளவோ வேறு கைகளுக்குப் போய்விட்டன. எந்தப் பத்திரத்தின் வழியாகப் போயின, ரிஜிஸ்திரார் எப்படிப் பதிந்தார், வாங்கியவர் தெரியாது என்று சொன்னால் எடுபடுமா? ஒரு வாரம் பூராவும் வகுப்பில் பேசத் தக்க விஷயம். நான்கு புஸ்தகத்திலும் பஞ்சமி என்ற சொல்லே இல்லை. ராஷர் நான்கிலும் இருக்கிறார்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். தகப்பன் உயிரோடிருக்கும்போது, பின்னால் தனக்கு வரக்கூடும் என்ற நம்பிக்கையை மகள் விற்கவோ மாற்றவோ முடியாது, 6-ஆவது பிரிவு. 'ஸ்பெஸ் சக்சஷனிஸ்' என்று லத்தீனில் ஒரு பெயர் கொடுத்து அரைப் பக்கத்தில் முடித்திருக்கிறார்கள். அந்த லத்தீனுக்கு அர்த்தம் தெரியாத வீடு தமிழ்நாட்டில் கிடையாது. கல்யாணத்துக்கு நகை போட்ட கையோடு, எனக்கும் இந்தச் சொத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று பெண்ணிடம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதுதான். அந்தக் கையெழுத்துச் செல்லுமா? வெறும் எதிர்பார்ப்பை விட்டுக் கொடுத்தாளா, ஏற்கனவே பிறப்பால் வந்துவிட்ட பங்கை விட்டுக் கொடுத்தாளா என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ஆம் தேதிக்கு முன்னால் கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு என்று ஆயிற்று. 2005-இல் தேசம் முழுவதற்கும் வந்த திருத்தம் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தையும் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடிருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவு பண்ணியது. ஆக அந்தப் பெண் கையெழுத்துப் போட்ட தேதி, கல்யாணத் தேதி, சொத்து வந்த விதம் மூன்றும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. புஸ்தகம் என்ன சொல்கிறது? 'இது வாரிசுரிமைச் சட்டத் தாளில் வரும்' என்கிறது. அந்தத் தாளுக்கான புஸ்தகத்தைப் பார்த்தால், பத்திர விஷயம் சொத்து மாற்றுத் தாளில் வரும் என்று இருக்கும். இரண்டு தாளுக்கும் நடுவே அந்தப் பெண் நிற்கிறாள்.

வாசகர்களில் பலர் பட்டணத்தில் இருப்பவர்கள். கிணறும் காடும் நமக்கு என்ன என்று தோன்றலாம். வாடகை இல்லாமல் சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வீட்டில் குடியிருக்கிறீர்களே, 'லீசுக்கு' என்று சொல்லிக்கொண்டு, அது லீசே அல்ல. நம் பாட்டன்மார் அதை ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொன்னார்கள். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. 58-ஆவது பிரிவில் இருக்கிற ஆறு வகை அடமானத்தில் சுவாதீன அடமானத்தின் சாயல் இதற்கு இருக்கிறது. அடமானம் என்றால், கடன் தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ போனால் ரிஜிஸ்தர் பத்திரம் வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். நூறு ரூபாய் என்பது 1882-இல் வைத்த கணக்கு. இன்றைக்கும் அதுதான் கணக்கு. நம்மவர்கள் முத்திரைத்தாளில் 'குத்தகை ஒப்பந்தம்' என்று தலைப்புப் போட்டு இரண்டு பேர் கையெழுத்திட்டு அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் அந்த வீட்டை ஏற்கனவே பாங்கில் வைத்திருந்தால் என்ன கதி? பத்து வருஷ சேமிப்பு அந்தத் தாளில் இருக்கிறது. இதைப் பற்றி நான்கு புஸ்தகத்தில் ஒன்றிலாவது ஒரு பாரா இருக்கும் என்று தேடினேன். இங்கிலீஷ் அடமானம் என்கிற வகைக்கு மூன்று பக்கம் கிடைத்தது.

நான்கில் ஒன்று தமிழ்ப் புஸ்தகம். தமிழில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. அதை நான் ஆசையோடு பிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொத்து விஷயத்தில் தமிழுக்கு இருக்கிற சொற்கள் வேறு எந்த விஷயத்தில் இருக்கின்றன? கிரயம், ஒத்தி, ஈடு, வாரம், குத்தகை, பாகப் பிரிவினை, விடுதலை, பாத்தியம், அனுபோகம், வில்லங்கம், நத்தம், புறம்போக்கு. நூற்றுக்கணக்கான வருஷமாக ஓலையிலும் தாளிலும் புழங்கித் தேய்ந்து வழவழப்பானவை. பத்திர எழுத்தர் எழுதுவார், பாமரன் கேட்டுப் புரிந்துகொள்வான். இந்த ஆசிரியர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்காமல், இங்கிலீஷ் புஸ்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் புதிதாக வார்த்திருக்கிறார். ஒத்திக்கு நாலு சொல்லைச் சேர்த்து ஒரு தொடர். அதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளை ஊரில் ஓர் ஒத்திப் பத்திரத்தைப் பார்த்தால் இது என்ன புது வகை என்றுதான் கேட்பான். என் வக்கீல் பையன் தாய்ப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் தாண்டிப் போனதற்கும் இதுவேதான் காரணம். 'பாத்தியம்' என்ற சொல்லை அவன் எந்த வகுப்பிலும் சந்தித்ததில்லை.

நண்பருக்கு இதையெல்லாம் டெலிபோனில் சொன்னேன். அவர் நிதானமான மனிதர். "பத்திரம் எழுதுவதற்கு வேறு தாள் இருக்கிறது; நீர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்" என்றார். இருக்கிறது, தெரியும். அதைத்தான் வக்கீல் பையனும் சொன்னான். சொத்து என்னவென்று ஒரு வருஷத்திலும் பத்திரம் என்னவென்று இன்னொரு வருஷத்திலும் சொல்லித் தருவது, நீச்சலை வகுப்பறையில் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆற்றை வேறு வாத்தியாரிடம் விட்டுவிடுகிற மாதிரி.

"தத்துவம் தெரிந்தால் பத்திரம் தானாக வரும். முதலில் தத்துவம்" என்றார். இதில் பாதி நியாயம் உண்டு. எனக்கே அது நேர்ந்தது. சொத்தை விற்றால் அதோடு ஒட்டிய பாதை, தண்ணீர் உரிமைகளும் கூடவே போகும் என்று 8-ஆவது பிரிவு சொல்கிறதைப் படித்துவிட்டு, அத்தை ஜெயித்துவிட்டாள் என்று துள்ளிக் குதித்தேன். அப்புறம் நான்காவது புஸ்தகத்தில் ஒரு வரி என்னை உட்கார வைத்தது. அடுத்தவன் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் உரிமை வேறு. கிணற்றிலேயே பங்கு வேறு. முன்னது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். பின்னது தனிச் சொத்து, தனியாக எழுத வேண்டும். அத்தையுடையது பின்னது. தத்துவம் இல்லாமல் இது எனக்குப் புரிந்திருக்காது. அந்த ஒரு வரிக்காக அந்த ஆசிரியருக்கு வணக்கம். சட்டத்தின் உதாரணங்களை மதித்து அச்சிட்டவர் என்று சொன்னேனே, அவர்தான். ஆனால் அதை அவர் ஒரு கிணற்றை வைத்துச் சொல்லியிருந்தால் அந்த வரி நூற்றுக்கணக்கான வக்கீல்களின் நெஞ்சில் நின்றிருக்கும். வெறும் வரியாகச் சொன்னார்; என்னைத் தவிர வேறு யார் அங்கே நின்றிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

"பெரிய புஸ்தகம் வேண்டுமென்றால் முல்லா இருக்கிறாரே" என்று கடைசியாகச் சொன்னார். தின்ஷா முல்லா 1934-இல் காலமானவர். அவர் பெயரில் இருக்கிற உரையைப் பிறர் திருத்தித் திருத்தி இன்றைக்கும் வக்கீல்கள் மேஜையில் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது தெரிந்தவன் தேடிப் பார்க்கிற புஸ்தகம். அகராதியைக் கொடுத்துக் குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுக்க முடியாது.

அமெரிக்காவில் 1870-இல் ஹார்வர்டுக்கு வந்த லாங்டெல் என்பவர் வழக்குகளை வைத்தே சட்டம் சொல்லித் தரும் முறையைத் தொடங்கி வைத்தார். அங்கே கல்லூரிகளில் வெகு காலமாகப் புழங்கும் சொத்துச் சட்டத் தொகுப்பு ஒன்று, டுக்மினியரும் க்ரியரும் சேர்ந்து செய்தது, ஜான்சன் - மெக்கிண்டாஷ் வழக்கோடு தொடங்குகிறது, 1823. பியாங்கிஷா முதலிய செவ்விந்தியக் குடிகளிடமிருந்து நேராக நிலம் வாங்கியவனுக்கு உரிமை உண்டா? இல்லை, கண்டுபிடித்து வந்தவர்களின் சர்க்காருக்குத்தான் என்றார் பிரதம நீதிபதி மார்ஷல். நியாயமான தீர்ப்பு என்று அந்தப் புஸ்தகம் அதை முதலில் வைக்கவில்லை. இந்த தேசத்தில் நிலம் முதலில் யாரிடம் இருந்தது, எப்படி இன்னொருவன் கைக்கு வந்தது என்று மாணவன் முதல் நாளே முகத்தில் அடித்தாற்போல் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். அவர்களைக் காப்பி அடிக்கச் சொல்லவில்லை. காப்பி அடித்தது போதும். நமக்குச் சிவகங்கை இருக்கிறது. காத்தம நாச்சியார் தன் தகப்பனின் ஜமீனுக்காக வருஷக் கணக்கில் போராடி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், தகப்பன் தானாகப் பெற்ற சொத்து தாயாதிக்குப் போகாது என்று 1863-இல் ஜெயித்தாள். நம் புஸ்தகத்தின் முதல் பக்கம் அவளுடையதாக இருக்கலாம். அடுத்த பக்கத்தில் 1892-ஆம் வருஷத்து ஒப்படைப்பு. அதற்கடுத்து ஒரு தாய்ப் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புல வரைபடம் எல்லாவற்றையும் அப்படியே அச்சிட்டு, 'இதை விற்கிறவரிடம் உண்மையில் என்ன இருக்கிறது?' என்று ஒரு கேள்வி. பிரிவுகள் பின்னால் வரட்டும். வேண்டும் என்று தேடிக்கொண்டு வருகிறவனுக்குப் பிரிவு மறக்காது.

படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினேன். தாள், அச்சு, விலைக்கெல்லாம் தாராளமாக மார்க் போட்டேன். கீழே காலியாக இருந்த இடத்தில் ஒரு கட்டம் நானே வரைந்து, 'இதைப் படித்து முடித்தவன் பழைய பத்திரம் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்வானா?' என்று எழுதினேன். நான்காவது புஸ்தகத்துக்கு இரண்டு மார்க், மற்ற மூன்றுக்கும் சைபர். அத்தையின் 1958-ஆம் வருஷத்துப் பத்திரத்தின் நகல் ஒன்றையும் உடன் வைத்தேன்.

கமிட்டி இரண்டாவது புஸ்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பழைய தேர்வுக் கேள்விகள் அதில்தான் அதிகம். பதிப்பாளர் கழிவும் கூடுதலாகத் தருகிறாராம். நண்பர் மட்டும் பத்திர நகலை வகுப்புக்கு எடுத்துப் போய் ஒரு மணி நேரம் படிக்கச் சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்தைத் தாண்டப் பாதிப் பேர் திணறினார்கள் என்றும், பத்திர எழுத்தர் ஒருவரின் மகள் மட்டும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கிணற்றுக்குத் தனி சர்வே எண் உண்டா என்று கேட்டாள் என்றும் எழுதியிருந்தார். இன்னும் நாலைந்து பத்திரம் இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போகும்போது அந்தப் பழைய பத்திர எழுத்தரைத்தான் பார்த்துக் கேட்க வேண்டும்.